பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தவர்கள்

குளச்சலுக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸ் சிகிச்சையில் இருந்து, கடந்த ஆடி மாதத்தில் இறந்துபோனார். சிகிச்சைக்கு வாங்கிய கடன் இன்னும் அடைபடவில்லை. அவர் கேட்டிருப்பது இது: "வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. முன்பு ஆறுதல் தந்த வசனங்கள் இப்போது குத்துகின்றன. உனக்கு விசுவாசம் போதாததால்தான் அப்பாவுக்குச் சுகம் கிடைக்கவில்லை என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். எனக்கு விசுவாசம் போய்விட்டதா? எங்கிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும்? கோயிலில் பாட வாய் வரவில்லை. கொஞ்ச நாள் போகாமல் இருந்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரி, உங்கள் உறவினர் சொன்ன வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது உள்ளே தைத்திருக்கும்வரை நான் வேறு எதைச் சொன்னாலும் உங்களுக்குள் இறங்காது. அந்த வார்த்தைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. எத்தனையோ வியாதியஸ்தரைக் குணமாக்கிய பவுல், தம்முடைய கடைசி நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போகிறார். துரோப்பீமு பவுலோடு ஊர் ஊராகச் சென்ற உடன் ஊழியன். அவனுக்கு விசுவாசம் குறைந்துபோயிற்று என்றோ, தம்முடைய ஜெபம் தோற்றுப்போயிற்று என்றோ பவுல் சொல்லவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவரே பதில் சொன்னார். துக்க வீட்டில் காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் வழக்கம் பழையது; அதை வேதம் கண்டித்திருப்பதும் அதே அளவுக்குப் பழையது.

நான் சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன், என் மனைவி கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்டத்துப் பங்கு ஒன்றில் வளர்ந்தவர். ஆகவே எங்கள் வீட்டு மேசையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. நான் சிறுவயதில் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பு ஒன்று. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மற்றொன்று. இந்தப் பதிலில் வரும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. உங்கள் வீட்டில் திருவிவிலியம் இருக்குமானால், நான் சங்கீதம் என்பதைத் திருப்பாடல் என்றும், அப்போஸ்தலருடைய நடபடிகள் என்பதைத் திருத்தூதர் பணிகள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்ததில் எனக்குக் கிடைத்த ஒரு காரியம் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. முதலாம் கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. திருவிவிலியமோ அதையே "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றொன்றில் முதலாவதாக நிற்கிறது. நம் பேச்சுத் தமிழிலும் இந்த இரண்டும் கலந்தே கிடக்கின்றன. "நம்பிக்கை போயிற்று" என்று நாம் சொல்லும்போது, கடவுள் மேலுள்ள பற்று போயிற்று என்கிறோமா, நாளைக்கு நல்லது நடக்கும் என்ற எண்ணம் போயிற்று என்கிறோமா என்பது நமக்கே தெளிவாக இருப்பதில்லை. நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்களிடமிருந்து போயிருப்பது எதிர்நோக்கு, அதாவது முன்னே பார்ப்பதற்கான பெலன். விசுவாசம் போயிருந்தால், வேதத்தில் எங்கே தொடங்குவது என்று கேட்டு எழுதியிருக்கமாட்டீர்கள்.

வசனங்கள் குத்துகின்றன என்று சொன்னீர்களே, அதில் நம்முடைய வாசிக்கும் முறைக்கும் ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறேன். புத்தாண்டு ஆராதனையில், அந்த ஆண்டுக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர் தொங்குகிறது. காலையில் கைப்பேசியைத் திறந்தால் பூப்படத்தின்மேல் எழுதிய வசனம் வந்து நிற்கிறது. இவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, என் தாயார் அப்படிப்பட்ட அட்டைகளைத் தம்முடைய வேதாகமத்துக்குள் ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுத்தால், அது யாரிடம், எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பது நமக்கு மறைந்துபோகிறது. அட்டைகளில் அதிகமாகக் காணப்படும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் நடுவிலுள்ள வரி. இதற்கு முந்தின வசனத்தில், அங்கே 70 வருஷம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான், அந்நிய மண்ணில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள் என்று தீர்க்கதரிசி எழுதுகிறார். 10-ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11-ஐ மட்டும் வாசித்தவருக்கு, அட்டையில் கண்டது அந்த ஆண்டே நடக்காவிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டையும் சேர்த்து வாசித்தவருக்கு, தம்முடைய வாழ்நாளில் முடிவு தெரியாத நிலையிலும் தோட்டம் நடுகிறவர்களோடு கடவுள் பேசியிருக்கிறார் என்பது தெரியும்.

ஆகையால், கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கத்தைச் சிறிது காலம் விட்டுவிடுங்கள். சங்கீதம் 13-இலிருந்து தொடங்குங்கள். மொத்தம் 6 வசனங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று அது கேட்கிறது. இது கடவுளைக் குறித்து வேறொருவரிடம் சொன்ன குறை அன்று, கடவுளிடமே நேராகக் கேட்ட கேள்வி. நம் ஊரில் துக்கத்தில் இருப்பவர் இப்படி வாய்விட்டுக் கேட்டால், "அப்படிப் பேசக்கூடாது, பாவம்" என்று சுற்றியிருப்பவர்கள் உடனே தடுப்பார்கள். ஆனால் சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் மிகப் பெரிய தொகுதி இத்தகைய முறையீடுகள்தான். அவற்றை ஜெபமாகச் சேர்த்து, ஆலயத்தில் பாடும்படி கொடுத்திருக்கிறார்கள். 13-ஆம் சங்கீதம் கடைசியில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறது. நீங்கள் அதுவரை வந்து சேர வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். இரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிற நாட்கள் இருக்கட்டும்.

திரும்பாமலே முடிகிற சங்கீதமும் ஒன்று உண்டு. என் தம்பி விபத்தில் இறந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பலர், "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று சொல்லித் தேற்றிவிட்டுப் போனார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் ஒவ்வொரு முறையும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் சபையின் வயது முதிர்ந்த உபதேசியார் ஒருநாள் சாயங்காலம் வந்து, திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 88-ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசித்தார். "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு அது முடிந்துவிட்டது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள். நான் அதற்குமுன் பலமுறை வேதத்தை வாசித்து முடித்திருந்தும், அந்தச் சங்கீதத்தில் ஒரு விடிவும் இல்லை என்பதைக் கவனித்ததே இல்லை. அவர் புத்தகத்தை மூடி, "இதும் வேதத்துல உள்ளதுதான் மக்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அன்றிரவுதான் பல நாட்களுக்குப் பிறகு நான் ஜெபித்தேன்.

புலம்பல் புத்தகத்தையும் இதே மனதோடு வாசிக்கலாம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் எருசலேம் பாபிலோனியரால் இடிக்கப்பட்ட பிறகு எழுந்த பாடல்கள் அவை. "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வரியை நாம் எல்லாரும் அறிவோம். அது மூன்றாம் அதிகாரத்தின் 23-ஆம் வசனம். அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனம், "நான் கூப்பிட்டுக் கதறினாலும், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்கிறது. இரண்டையும் சொன்னது ஒரே வாய். அந்தப் பாடல்கள் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைக்கப்பட்டவை. ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் அப்படியே வருகின்றன, மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனங்களாக 66 வசனங்கள். நம் அந்தாதியையும், எழுத்து வரிசையில் பாடல்கள் தொடங்கும் வருக்கக்கோவையையும் அறிந்தவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். கதறுகிறவர் கதறலை வரிசைப்படுத்தி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்க இடம் கிடைத்த துக்கத்தின் நடுவில்தான் "காலைதோறும்" என்ற சொல் வருகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் யோபுவின் புத்தகத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து, வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து அவர் மனமுடைந்திருந்த நாட்களில், 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு அதே மன்னரின் படையில் தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டி லனாய், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக நாம் கேட்டுவருவது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். லாசர் என்ற பெயரின் தமிழாக்கம் அது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இதில் நான் நெடுநாள் யோசித்த காரியம் ஒன்று உண்டு. யோபுவின் புத்தகம் 42-ஆம் அதிகாரத்தில், இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததோடு முடிகிறது. இன்று பல மேடைகளில் அந்தக் கடைசி அதிகாரத்தை மட்டும் எடுத்து, உங்களுக்கும் இரட்டிப்பாக வரும் என்று பிரசங்கிக்கிறார்கள். ஆனால் யோபுவின் கதையைக் கேட்டு மனம் திரும்பிய தேவசகாயத்துக்கு ஒன்றும் இரட்டிப்பாகத் திரும்பவில்லை. பதவி போயிற்று, சிறை வந்தது, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சித்திரவதை வந்தது. அவரைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கதையின் முடிவாக இருந்திருக்க முடியாது. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் கடவுள் நேராகப் பேசினார் என்பதே அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். யோபு தன் பிறந்த நாளைச் சபித்தவன். தேற்ற வந்த சிநேகிதரைப் பார்த்து, "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று சொன்னவன். அந்தச் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். உங்கள் உறவினரைப் போலக் காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. முடிவில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று தீர்ப்பளிக்கிறார். சபித்தவனுடைய பேச்சு நிதானமானது என்றும், கடவுளுக்காக வாதாடியவர்களுடைய பேச்சு தவறு என்றும் கடவுளே சொல்லும் இடம் அது.

நீங்கள் கடற்கரையைச் சேர்ந்தவர் என்பதால், அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை உங்களிடம் விசேஷமாகச் சொல்ல விரும்புகிறேன். மலையோரத்து ரப்பர் தோட்டங்களின் நடுவே வளர்ந்த என்னைவிட உங்களுக்கு அது நன்றாக விளங்கும். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பல் பெருங்காற்றில் அகப்படுகிறது. அதில் 276 பேர் இருந்தார்கள். அநேக நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரங்களும் இல்லை. "இனித் தப்பிப்பிழைப்போமென்னும் நம்பிக்கை முழுமையும் அற்றுப்போயிற்று" என்று லூக்கா எழுதுகிறார். அதை எழுதியவரும் அந்தக் கப்பலில் இருந்தவர்தான். வேதத்தை எழுதியவர்களில் ஒருவரே, தமக்கும் நம்பிக்கை அற்றுப்போன நாட்கள் இருந்தன என்று பதிவு செய்து வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பதினாலாம் இராத்திரியில் மாலுமிகள் விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் இருபது பாகம், சற்று அப்புறம் பதினைந்து பாகம். இரு கைகளையும் விரித்த நீளமான பாகம் என்ற அளவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருட்டில் பாறையில் மோதிவிடுவோம் என்று பயந்து, "பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப்போட்டு, பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்."

நம்பிக்கையை நங்கூரம் என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. நங்கூரம் வெளிச்சம் தராது, காற்றை அடக்காது, படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டும் போகாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதையோ பற்றிக்கொண்டு, இருட்டு முடியும்வரை மோதாமல் நிறுத்திவைக்கும், அவ்வளவே. எபிரெய மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் திக்வா என்ற சொல்லுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்புநூல் கயிற்றுக்கு வருவதும் அதே சொல்தான். நம்பிக்கை என்றால் மனதில் எழும் தெம்பு என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தெம்பு எழாதபோது நம்மை நாமே குற்றப்படுத்திக்கொள்கிறோம். கயிறு கையில் இருப்பவர் தெம்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த அதிகாரத்தின் முடிவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கப்பல் உடைந்துபோயிற்று. கோதுமையைக் கடலில் எறிந்துவிட்டார்கள். சிலர் பலகைகள்மேலும் சிலர் கப்பல் துண்டுகள்மேலும் தொற்றிக் கரையேறினார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை; ஆனால் நம் கரையில் அப்படி முடியாத நாட்களும் இருந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறிவந்து கொண்டுபோனவர்களை நீங்கள் என்னைவிட நெருக்கமாக அறிவீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்களில் எத்தனையோ பேருடைய உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அந்த வீடுகளில் காத்திருப்பதா, அழுது முடிப்பதா என்று தெரியாமல் இருந்தவர்களிடம், நாலு நங்கூரத்தால் எல்லாரும் தப்பினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது. அங்கே கிறிஸ்தவனுக்குச் சொல்ல இருப்பது உயிர்த்தெழுதல் ஒன்றுதான். அதையும் பவுல், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறாரே தவிர, துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை. இறந்துபோன லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகுமுன் கண்ணீர் விட்டார்.

வாசிக்கும்போது வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் தாயாரும் கேட்கட்டும். சங்கீதம் 13-ஐ ஒரு வாரம் நாள்தோறும் வாசித்துவிட்டு 42-க்கும் 43-க்கும் போங்கள். பல்லவி ஒன்றாக இருப்பதால் அவ்விரண்டும் முதலில் ஒரே பாடலாக இருந்தவை என்றே கருதப்படுகின்றன. பிறகு மாற்கு சுவிசேஷம் முழுவதையும், 16 அதிகாரங்களையும், ஒரே நாளில் உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். துண்டு துண்டாக அறிந்த இயேசு அப்போது வேறுவிதமாகத் தெரிவார். ரோமர் 8-ஐ அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற 28-ஆம் வசனத்துக்கு முன்னால் 26-ஆம் வசனம் இருக்கிறது: என்ன ஜெபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது, "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்பது. அதைக் கடந்து வந்தவருக்கே 28-ஆம் வசனம் குத்தாமல் இருக்கும்.

உறக்கமும் பசியும் பல வாரங்களாக இல்லை என்றால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால், தாமதிக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது, கர்த்தர் அவனுக்கு முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, இரண்டு முறை தூங்க வைத்தார். இந்த மாவட்டத்தில் சுவிசேஷம் அறிவித்த மிஷனரிமாரே நெய்யூரில் 1838-இல் மருத்துவப் பணியையும் தொடங்கினார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. கடனைப் பற்றியும் வெட்கப்படாமல் உங்கள் பங்குத்தந்தையிடமோ அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்திலுள்ள பெரியவர்களிடமோ பேசுங்கள். அதைத் தனியே சுமக்கும்படி எந்த வசனமும் உங்களுக்குக் கட்டளையிடவில்லை.

கோயிலுக்குப் போகாமல் இருக்கலாமா என்று கடைசியாகக் கேட்டீர்கள். போங்கள். பின்வரிசையில் உட்காருங்கள், பாட வேண்டாம், மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு இருங்கள். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில், ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு சுமந்துகொண்டு வந்து, கூட்டத்தினால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னே இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று அங்கே எழுதியிருக்கிறது. சுமந்து வந்தவர்களுடைய விசுவாசம். படுக்கையில் கிடந்தவன் வாய் திறந்து ஏதும் கேட்டதாகவோ, பாடியதாகவோ, ஜெபித்ததாகவோ மாற்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. அவனைத்தான் இயேசு "மகனே" என்று அழைத்தார்.